பிசினஸ் கிளாஸா, பிரீமியம் எகானமியா: நீண்ட விமானப் பயணத்துக்கு இருக்கை பார்த்து வாங்கும் முறை

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போனாலே பத்தரை, பதினொரு மணி நேரம். அமெரிக்கா என்றால் நடுவில் ஓர் ஊரில் மாறி ஏறி, வீட்டுப் படி இறங்கியதிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு நாள் ஓடிவிடும். இரண்டு வார விடுமுறையில் முதல் இரண்டு நாள் இடுப்பு வலியிலும் தூக்கக் கலக்கத்திலும் போகக் கூடாது என்றுதான் பலரும் கூடக் காசு போட்டு முன் கேபினில் இடம் பிடிக்கிறார்கள். நல்ல செலவுதான். ஆனால் அந்தக் காசு வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: 'பிசினஸ் கிளாஸ்' என்ற பெயரை நம்பி வாங்கிவிடுவது. அந்தப் பெயருக்குள் கதவு சாத்திக்கொள்ளும் சிறு அறையும் உண்டு, வரிசைக்கு ஏழு பேர் உட்காரும் கேபினில் இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் இருக்கையும் உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமலேகூட இப்படி நடக்கும். உங்களுக்கு எது வாய்க்கும் என்பது டிக்கெட்டில் எழுதியிருக்கும் வகுப்பைவிட அன்றைக்குப் பறக்கும் விமானத்தைப் பொறுத்தது.

எந்தப் பறப்பில் தூங்கப் போகிறீர்கள்?

விலையைத் தேடும் முன் பயண அட்டவணையை ஒரு தாளில் எழுதி, எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்று இந்திய நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு இரண்டு நாளைக்கு இந்திய நேரத்தில்தான் ஓடும்.

சென்னையிலிருந்து துபாய் சுமார் 4 மணி நேரம். ஏறி, விளக்கு அணைத்து, சாப்பாடு முடிந்து, இறங்குவதற்கு அரை மணி முன்பே எழுப்பிவிட்டால் மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணி. இதற்குப் படுக்கை வாங்குவது தண்டச் செலவு. அங்கிருந்து நியூயார்க் சுமார் 14 மணி, லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 16 மணி. காசு போட வேண்டிய இடம் அதுதான். பல விமான நிறுவனங்களின் தளத்தில் 'மல்டி சிட்டி' என்று தேடினால், முதல் பகுதியை எகானமியிலும் அடுத்ததை பிசினஸிலும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விலை கேட்கலாம். சில சமயம் இரண்டையும் பிசினஸில் வாங்குவதே மலிவாக வந்து நிற்கும். கேட்டுப் பார்க்காமல் தெரியாது.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்று உண்டு. டிக்கெட் விற்கும் தளங்களில் 'பிசினஸ்' என்று தேடும்போது, குறுகிய பகுதி மட்டும் பிசினஸாகவும் நீண்ட பகுதி எகானமியாகவும் இருக்கும் டிக்கெட் மலிவு விலையில் முதலில் வந்து நிற்கும். 'கலப்பு கேபின்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டுமுன் ஒவ்வொரு பறப்பையும் விரித்து, அதன் எதிரே எந்த வகுப்பு இருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

பொதுவான கணக்கு இது: இரவுப் பறப்பு 8 மணி நேரத்துக்கு மேல் என்றால் தட்டையாக விரியும் படுக்கைக்குக் கொடுக்கும் காசு தகும். பகல் பறப்பு என்றால் பிரீமியம் எகானமி போதும். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று வாங்குவதில் தவறே இல்லை. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு இரவில் போகும் சுமார் 8 மணி நேரப் பறப்பை பிசினஸில் போய்விட்டு, பகலில் திரும்பும்போது ஒரு படி இறங்கி வருபவர்கள் எதையும் இழப்பதில்லை.

பிரீமியம் எகானமி என்பது படுக்கை அல்ல

பெயரில் பிரீமியம் இருப்பதால் பலர் கால் நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இது அகலமான, நன்றாகச் சாயும் நாற்காலி. அவ்வளவுதான்.

சாதாரண எகானமியில் ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையிலான தூரம், அதாவது சீட் பிட்ச், பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 அங்குலம் என்பது வழக்கமான அளவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் எல்லாம் அந்தக் கணக்குதான். எமிரேட்ஸ் 40 அங்குலம் வரை கொடுக்கிறது. கூடுதலாகக் கிடைப்பது முக்கால் சாண். எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு அந்த முக்கால் சாண் பெரிய விஷயம். ஆனால் பிட்ச் முழுவதும் கால் இடம் அல்ல. முன் இருக்கையின் முதுகுத் தடிமனும் அதற்குள் அடக்கம். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் உங்கள் முகத்துக்கு நேரே திரை வந்து நிற்பதும் இந்த வகுப்பில் உண்டு.

இருக்கை தேர்வில் மூன்று விஷயம். இரண்டு நடைபாதை உள்ள அகல விமானங்களில் இந்த கேபின் 2-4-2 அல்லது 2-3-2 என்று இருக்கும், அதாவது ஒரு வரிசையில் ஜன்னல் பக்கம், நடு, மறு ஜன்னல் பக்கம் என்று இருக்கைகளின் எண்ணிக்கை. இரண்டு பேர் என்றால் ஜன்னல் பக்க ஜோடியை விடாதீர்கள். முதல் வரிசையில் சாய்ந்து வர எதிரே ஆள் இல்லை, ஆனால் சாப்பாட்டு மேசையும் திரையும் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பதால் கைப்பிடி தூக்க வராது, உட்காரும் அகலம் கொஞ்சம் குறையும், கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே. கடைசி வரிசையில் பின்னால் சுவர் இருந்தால் சாய்வு குறையலாம். இடைப்பட்ட வரிசைகளே பலருக்கும் பொருந்தும்.

எல்லா விமானத்திலும் இந்த வகுப்பு இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 787-10 விமானத்தில் பிசினஸும் எகானமியும் மட்டும்தான். அதில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, அங்கிருந்து பிரீமியம் எகானமியில் போகிறவர் முதல் பகுதியை எகானமியில்தான் கழிக்க வேண்டும். மாறாக, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 18 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறக்கும் ஏ350-900யூ.எல்.ஆர். விமானத்தில் எகானமியே இல்லை: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி.

பிசினஸ் கேபினை எண்ணிப் படிக்கும் முறை

நிறுவனத்தின் விளம்பரப் படத்தை மறந்துவிடுங்கள். அதில் வருவது எப்போதும் அவர்களிடம் இருப்பதிலேயே புதிய இருக்கை. ஒரு வரிசையில் எத்தனை இருக்கை என்று எண்ணுங்கள்.

2-3-2 என்றால் நடு இருக்கை உண்டு. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் கழிவறைக்குப் போக, தூங்குகிற பக்கத்து ஆளின் காலைத் தாண்ட வேண்டும். எமிரேட்ஸின் பழைய 777-300ஈ.ஆர். கேபின் இப்படித்தான், புதுப்பிக்கப்பட்ட 777-களில் 1-2-1 வந்திருக்கிறது, ஏ380 மேல்தளத்தில் தொடக்கத்திலிருந்தே 1-2-1. பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2019-இல் வந்த, கிளப் சூட் என்ற கதவு வைத்த பிசினஸ் இருக்கை 1-2-1. அதற்கு முந்தைய கிளப் வேர்ல்டு கேபினில் ஜன்னல் இருக்கைகள் பின்னோக்கிப் பார்த்திருக்கும், பக்கத்து ஆள் முன்னோக்கி. விமானம் மேலெழும்போது முகத்துக்கு நேரே முகம், நடுவில் ஒரு தடுப்புத் தட்டி. ஏர் இந்தியாவின் ஏ350-இல் 28 பிசினஸ் இருக்கையும் கதவுடன் 1-2-1 வரிசையில் இருக்கின்றன. பழைய 787-8 கேபினில் 2-2-2. கத்தார் ஏர்வேஸின் பேர் பெற்ற க்யூசூட் என்ற கதவு வைத்த பிசினஸ் அறை 777-களிலும் ஏ350-களிலும் பலவற்றில் உண்டு, 787-8-இல் கிடையாது. ஒரே நிறுவனம், ஒரே வகுப்பு, ஒரே உணவு. தூக்கம் மட்டும் வேறு வேறு.

2-2-2 எல்லாருக்கும் மோசம் என்று சொல்ல முடியாது. கணவன் மனைவி ஜன்னல் ஓர ஜோடியில் போனால் அது வசதியே. தனியாகப் போகிறவர் நடு ஜோடியில் ஓர் இருக்கையை எடுத்தால் யாரையும் தாண்ட வேண்டாம், யாரும் தன்னைத் தாண்டவும் வேண்டாம்.

1-2-1 என்று தெரிந்த பிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகைக் கேபின்கள் பெரும்பாலும் இரண்டு மாதிரியில் வரும். ஒன்றில் எல்லா இருக்கையும் சாய்வாக, ஜன்னலையோ நடுவையோ நோக்கித் திரும்பியிருக்கும். இதில் ஜன்னல் ஓரம் எந்த வரிசையில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்றில் இருக்கைகள் நேராக இருக்கும், ஆனால் வரிசைக்கு வரிசை இடம் மாறும்: ஒரு வரிசையில் இருக்கை ஜன்னலை ஒட்டி, பக்கத்து மேசை நடைபாதைப் பக்கம், அடுத்த வரிசையில் மேசை ஜன்னல் பக்கம், இருக்கை நடைபாதையை ஒட்டி. முதலாவதில் மேசை உங்களை மறைத்துக்கொள்ளும். இரண்டாவதில் உணவு வண்டியும் போகிற வருகிற ஆட்களும் இரவெல்லாம் தோளை உரசுவார்கள். இரண்டுக்கும் ஒரே விலை. சீட் மேப்பில் சிறு சதுரமாகத் தெரியும் அந்த மேசை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எண்ணைத் தேர்வு செய்யுங்கள். நடு ஜோடியிலும் இதே மாதிரி ஒரு வரிசையில் இருவரும் ஒட்டியும் அடுத்த வரிசையில் நடுவே மேசைகளோடு விலகியும் இருப்பார்கள்.

இனி காலுக்கு வருவோம். இடம் மாறும் மாதிரியில் படுக்கை விரிந்ததும் உங்கள் பாதம் முன்னால் இருப்பவருடைய மேசைக்கு அடியில் ஒரு பொந்துக்குள் போகும். வாய் அகலமாக இருந்தாலும் உள்ளே குறுகும். பெருவிரல்கள் மேல் தகட்டில் முட்டும், ஒருக்களித்துப் படுத்தால் மேல் கால் எழும்ப இடமிருக்காது, திரும்பிப் படுக்க வேண்டுமானால் கால் இரண்டையும் வெளியே இழுத்துத்தான் புரள வேண்டும். உயரமானவர்களும், பக்கவாட்டில் படுத்தே தூங்குகிறவர்களும் முதல் வரிசையைப் பாருங்கள். அங்கே எதிரே இருக்கை இல்லாததால் பொந்து பல விமானங்களில் அகலமாக இருக்கும். அதற்கு ஈடாகச் சமையல் பகுதியின் வெளிச்சமும் பாத்திரச் சத்தமும் தொட்டில் குழந்தையின் அழுகையும் பக்கத்தில் வரலாம். கண்பட்டையும் காதடைப்பானும் இருந்தால் முதல் வரிசையே மேல் என்பது எங்கள் கருத்து. சத்தத்தைச் சமாளிக்க வழி உண்டு, முட்டும் காலுக்கு வழி இல்லை.

அன்றைக்கு எந்த விமானம் என்று கண்டுபிடிப்பது

பணம் கட்டும் பக்கத்தில் 'விவரம்' என்பதைத் திறந்தால் விமானத்தின் பெயரோ மூன்றெழுத்துக் குறியீடோ இருக்கும். 788, 789, 781 என்பவை 787 குடும்பம். 359, 351 இரண்டும் ஏ350. 388 என்றால் ஏ380. 77டபிள்யூ என்றால் 777-300ஈ.ஆர்.

குறியீடு மட்டும் போதாது, ஏனெனில் ஒரே 77டபிள்யூவில் பழைய கேபினும் உண்டு, புதியதும் உண்டு. நிறுவனத்தின் தளத்தில் சீட் மேப்பைத் திறந்து பிசினஸ் வரிசையில் எழுத்துகளை எண்ணுங்கள்: ஏழு எழுத்து என்றால் 2-3-2, நான்கு என்றால் 1-2-1. பிறகு ஏரோலோபா தளத்தில் அந்த நிறுவனத்தின் அந்த விமானத்தை எடுங்கள். இருக்கை, மேசை, ஜன்னல், கழிவறை எல்லாம் அளவுப்படி வரைந்திருப்பார்கள். ஜன்னல் இல்லாத 'ஜன்னல் இருக்கை' அதில் உடனே தெரிந்துவிடும். கடைசியாக, பறக்கும் விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் பறப்பு எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரம் அந்த எண்ணில் எந்த விமானம் பறந்தது என்று பாருங்கள். ஏழு நாளும் ஒரே வகை என்றால் நம்பலாம். கலந்து வந்தால், மோசமான கேபின் வந்தாலும் பரவாயில்லை என்கிற விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் பயணத்துக்கு 30 நாள் முன்பு, 7 நாள் முன்பு, ஒரு நாள் முன்பு என மூன்று முறை பி.என்.ஆரைத் திறந்து பாருங்கள். விமானம் மாறினால் நீங்கள் தேர்ந்த இருக்கை எண் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். ஒட்டி உட்கார வேண்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். முதலில் பார்ப்பவருக்கே நல்ல இடம்.

விமானத்தின் வயதும் உடம்புக்குத் தெரியும். பழைய வடிவமைப்புகளில் கேபின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். 787-லும் ஏ350-லும் அது சுமார் 6,000 அடி அளவிலேயே நிற்கும், காற்றின் ஈரப்பதமும் சற்றுக் கூடுதல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒன்று ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே பத்து மணி நேரம் உட்கார்வது, மற்றொன்று குன்னூரில் உட்கார்வது. விலையும் இருக்கையும் சமமாக இருந்தால் இந்த இரண்டு விமானங்களை எடுங்கள். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறையும்.

யாரோடு போகிறீர்கள்

வயதான அப்பா அம்மாவை அனுப்பும் பிள்ளைகள், விலை கூடிய தனித்தனி ஜன்னல் அறைகளை ஆசையாக வாங்கிக் கொடுப்பதுண்டு. உள்ளே போனதும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, பொத்தான் எது என்று கேட்க ஆள் இல்லை, சாய்ந்த இருக்கையை நிமிர்த்தத் தெரியாமல் இரவெல்லாம் அரைகுறையாகப் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு நடு ஜோடி எடுங்கள், நடுத்தடுப்பை இறக்கிவிடலாம். விரிந்த படுக்கை தாழ்வாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர் எழச் சிரமப்படுவார். இருக்கையைப் பாதி நிமிர்த்திவிட்டு எழச் சொல்லிக் கொடுங்கள். முழுக்கப் படுக்காமல் முதுகைக் கொஞ்சம் தூக்கி வைத்துத் தூங்குவதே பல பெரியவர்களுக்கு ஒத்துப்போகும்.

சிறு குழந்தை இருந்தால் வாங்கும் முன் நிறுவனத்திடம் பேசுங்கள். சில பிசினஸ் இருக்கைகளின் பெல்ட்டில் காற்றுப்பை இருப்பதால் மடியில் குழந்தையை வைக்க விடமாட்டார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு க்யூசூட்டின் நடு நான்கு இருக்கைகள் நல்ல ஏற்பாடு: தடுப்புகளைத் தள்ளினால் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம்.

சைவம் என்றால் பிசினஸிலும் முன்பதிவு அவசியம். பட்டியலில் சைவம் இருந்தாலும் கடைசி வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துபோகும். குறைந்தது 24 மணி நேரம், சில நிறுவனங்களில் 48 மணி நேரம் முன்பே ஆசிய சைவ உணவு என்று பதிவு செய்யுங்கள்.

விலைக்குள் ஒளிந்திருப்பவை

இந்தியாவில் வாங்கும் டிக்கெட்டில் எகானமிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மற்ற எல்லா வகுப்புக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன் 12. பிரீமியம் எகானமியும் 'மற்ற வகுப்பு' கணக்கில்தான் சேரும். அதனால் வரி சேர்ந்த இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

மலிவான பிசினஸ் டிக்கெட் என்றால் எதை எடுத்துவிட்டார்கள் என்று தேடுங்கள். எமிரேட்ஸின் 'ஸ்பெஷல்', கத்தாரின் 'லைட்' போன்ற கட்டண வகைகளில் லவுஞ்ச் கிடையாது. இருக்கைத் தேர்வுக்கும் கட்டுப்பாடு இருக்கும். மாறும் ஊரில் இரண்டு மணி நேரம்தான் என்றால் லவுஞ்ச் இல்லாதது நஷ்டமில்லை. ஏழு மணி நேரக் காத்திருப்பு என்றால் குளியலறையும் சாய்வு நாற்காலியும் இல்லாத விமான நிலையம் வாங்கிய சுகத்தைப் பாதியாக்கிவிடும்.

எகானமியில் வாங்கி ஏலம் கேட்டு மேலே போகும் வழியும் இருக்கிறது. தொகை ஓர் ஆளுக்கு, ஒரு பறப்புக்கு என்று கணக்கிடப்படும். ஏற்றுக்கொண்டால் அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள், திருப்பிக் கேட்க முடியாது. பொதுவாக ஒரே பி.என்.ஆரில் உள்ள எல்லாரும் சேர்ந்து போனால்தான் உண்டு. லக்கேஜ் அளவு பழைய டிக்கெட்டின்படியே நிற்கலாம். மிச்சம் கிடக்கும் இருக்கைதான் கிடைக்கும். கிடைத்தால் சரி என்பவர்களுக்கு இது பொருந்தும். அம்மாவின் முதுகுவலிக்காகப் படுக்கை தேவைப்படுகிறவர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது.

நீங்கள் வாங்கிய வகுப்பிலிருந்து உங்கள் விருப்பமின்றி இறக்கினால் சும்மா விடாதீர்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2023 விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் தொகையில் 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 திருப்பித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதியிலும் இதே 30, 50, 75 சதவீதங்கள் உண்டு. 'கீழ் வகுப்புக்கு மாற்றப்பட்டார்' என்று கவுன்டரிலேயே எழுத்தில் வாங்குங்கள். பழைய போர்டிங் பாஸ் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஏறிய பிறகு

உட்கார்ந்ததும் முதல் வேலை, பானம் வருவதற்கு முன்பே, இருக்கையை முழுக்க விரித்துப் பார்த்து மறுபடி நிமிர்த்துங்கள். மோட்டார் பாதியில் நின்றாலோ, மின்சாக்கெட் வேலை செய்யாவிட்டாலோ கதவு சாத்துமுன் சொன்னால் காலியான இடத்துக்கு மாற்றலாம். மேலே போன பிறகு சொன்னால் பெரும்பாலும் மன்னிப்புதான் கிடைக்கும்.

தூங்குவதற்குத்தான் காசு கொடுத்தீர்கள் என்றால் சாப்பாட்டை லவுஞ்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காலை உணவுக்கு எழுப்ப வேண்டுமா, வேண்டாமா என்று பணிப்பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெத்தை விரிப்பு தருகிற நிறுவனம் என்றால் கேட்டு வாங்குங்கள். இருக்கையின் மூட்டுகள் முதுகில் உறுத்துவதை அது மட்டுமே தடுக்கும். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே, வெளியே தெரியும்படி கட்டிக்கொள்ளுங்கள். நடுவழியில் விமானம் குலுங்கினால் ஒவ்வொருவரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வருவார்கள். போர்வைக்கு அடியில் மறைந்திருந்தால் எழுப்பித்தான் கேட்பார்கள்.